பௌத்தத்தில் கடவுளுக்கு என்ன வேலை?

அக்டோபர் 14 நெருங்கினால் ஒரு கேள்வி தவறாமல் கிளம்பிவிடும். “கடவுள் வேண்டாமென்றுதானே பௌத்தத்துக்குப் போனீர்கள்? இப்போது புத்தர் சிலைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக் கைகூப்பி நிற்கிறீர்களே, சாமி மட்டும்தான் மாறியிருக்கிறதா?” கேட்பவர்களில் இரண்டு வகை. ஒருவர், பௌத்தமும் இந்து மதத்தின் ஒரு கிளையே என்று நிறுவத் துடிப்பவர். அவருக்குப் புத்தர் விஷ்ணுவின் ஒன்பதாவது அவதாரம். அவருக்கான பதிலை அம்பேத்கர் 1956இலேயே சொல்லிவிட்டார். நாக்பூரில் லட்சக்கணக்கானோர் ஏற்ற 22 உறுதிமொழிகளில் ஐந்தாவது, புத்தரை விஷ்ணுவின் அவதாரமாக ஏற்கமாட்டேன் என்பது. இன்னொருவர் நம் பக்கத்து ஆள், பகுத்தறிவு பேசும் தோழர். அவரோடு பேசுவதற்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும்.

பௌத்தம் என்றால் நாத்திகம் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. பாலி நூல்களைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் தேவர்கள். இந்திரன் வருகிறான், பிரம்மா வருகிறார், மரத்தில் குடியிருக்கும் தேவதைகூட வாய் திறந்து பேசுகிறது. ஆனால் இவர்களுக்கு அங்கே என்ன வேலை தரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். புத்தரிடம் வந்து, வணங்கி, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, சந்தேகம் கேட்கிறார்கள். சேர்த்த புண்ணியம் தீர்ந்ததும் செத்துப்போகிறார்கள். உலகத்தைப் படைக்கும் வேலை அவர்களுக்கு இல்லை. யார் எந்த வயிற்றில் பிறக்கவேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரமும் இல்லை.

பிரம்மஜால சூத்திரத்தில் வரும் கதை எனக்கு மிகவும் பிடித்தது. உலகம் மறுபடி உருவாகும்போது, காலியாகக் கிடக்கும் பிரம்ம மாளிகைக்கு ஒரு உயிர் முதலில் வந்து சேர்கிறது. நெடுங்காலம் தனியாக இருந்து சலித்து, துணைக்கு யாராவது வந்தால் நன்றாயிருக்குமே என்று ஏங்குகிறது. தற்செயலாக வேறு சில உயிர்களும் மேலுலகத்தில் ஆயுள் முடிந்து அங்கே வந்து பிறக்கின்றன. முதலில் வந்தது நினைக்கிறது: நான் விரும்பினேன், இவர்கள் வந்தார்கள், எனவே நானே படைத்தவன். பின்னால் வந்தவர்களும் நினைக்கிறார்கள்: நமக்கு முன்பே இவர் இங்கே இருந்தார், எனவே நம்மைப் படைத்தவர் இவரே. படைப்புக் கடவுள் என்ற பெருங்கோபுரத்தின் அடித்தளம் ஒரு வெறும் முந்திவந்த கணக்கு! ஊருக்கு முதலில் வந்து குடியேறியவன் ஊரே தன்னுடையது என்று சொல்வதை நாம் பார்க்காததா?

இன்னொரு சூத்திரத்தில் ஒரு பிக்கு தன் சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு தேவலோகம் தேவலோகமாக ஏறுகிறார். யாருக்கும் விடை தெரியவில்லை. கடைசியில் பிரம்மாவிடமே கேட்கிறார். பிரம்மாவோ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ‘நானே படைத்தவன், நானே ஆள்பவன்’ என்று தன் பட்டங்களை அடுக்குகிறார். பிக்கு விடுவதாயில்லை. பிறகு அவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய், எனக்கும் தெரியாது, என் பரிவாரத்துக்கு முன்னால் இதைச் சொல்ல முடியவில்லை, புத்தரிடமே போய்க் கேள் என்கிறார். இதை எழுதியவர்கள் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பார்கள்.

இந்தச் சிரிப்புக்குக் காரணம் இருந்தது. புருஷ சூக்தத்தில் பிராமணர் புருஷனின் வாய், சூத்திரர் அவன் பாதங்களிலிருந்து பிறந்தவர். அதாவது சாதிக்குக் கையெழுத்துப் போட்டவன் கடவுள். அக்கஞ்ஞ சூத்திரத்தில் புத்தர் இதே இடத்தில் கைவைக்கிறார். பிரம்மாவின் வாயிலிருந்து பிறந்ததாகச் சொல்லும் பிராமணர்களின் மனைவியரும் மாதவிலக்காகிறார்கள், கருவுறுகிறார்கள், பெற்றுப் பாலூட்டுகிறார்கள், எல்லோரும் பார்க்கத்தானே செய்கிறோம் என்கிறார். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற பட்டிமன்றத்துக்குள் அவர் போகவே இல்லை. பிறப்பைக் கடவுளின் வாயிலிருந்து எடுத்துத் தாயின் வயிற்றில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பிரம்மா இருந்தாலென்ன, போனாலென்ன?

அப்படியானால் பிரார்த்தனை? சம்யுத்த நிகாயத்தில் ஊர்த்தலைவன் ஒருவன் புத்தரிடம் வருகிறான். மேற்கத்திப் பிராமணர்கள் மந்திரம் ஓதிச் செத்தவரைச் சொர்க்கத்துக்கு ஏற்றிவிடுகிறார்களாம், உங்களால் முடியுமா என்கிறான். புத்தர் திருப்பிக் கேட்கிறார். ஆழமான குளத்தில் ஒருவன் பெரிய கல்லைப் போடுகிறான். ஊரே கூடிக் கைகூப்பி, சுற்றிவந்து, “கல்லே, மேலே வா” என்று வேண்டினால் கல் மிதக்குமா? மிதக்காது என்கிறான் தலைவன். கொலையும் களவும் செய்து வாழ்ந்தவனுக்காக ஊர் கூடி வேண்டுவதும் அப்படித்தான் என்கிறார் புத்தர்.

பலரும் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். இதற்கு மறுபாதி ஒன்று உண்டு. அதே குளத்தில் நெய்க்குடத்தை மூழ்கவைத்து உடைத்தால் ஓடு அடியில் போகும், நெய் மேலே வரும். இப்போது ஊரே கூடி, “நெய்யே, முழுகிப்போ, கீழேயே கிட” என்று வேண்டினால்? இந்த இரண்டாவது கேள்வியை ஒரு சேரியிலிருந்து படித்துப் பாருங்கள். ஊரும் கோயிலும் சாஸ்திரமும் சேர்ந்து “கீழேயே கிட” என்று காலங்காலமாக ஓதிக்கொண்டிருப்பது யாரைப் பார்த்து? மந்திரம் உன்னை உயர்த்தாது என்பது புத்தர் சொன்னதில் பாதிதான். எந்த மந்திரத்தாலும் உன்னைத் தாழ்த்தவும் முடியாது என்பதுதான் நமக்குத் தேவையான பாதி.

தமிழில் இதற்குச் சதையும் ரத்தமும் தந்தது மணிமேகலை. அதில் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. கடல்தெய்வம் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டே போகிறது. ஆனாலும் ஆபுத்திரனைப் பாருங்கள். வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை விடுவித்ததற்காகப் பார்ப்பனர்கள் அவனை அடிக்கிறார்கள், பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்கள். அவனோ உங்கள் முனிவர்கள் எங்கெங்கே பிறந்தவர்கள் தெரியுமா என்று திருப்பிக் கேட்டுச் சிரிக்கிறான். வளர்த்த தகப்பனும் துரத்திவிட, மதுரைக்குப் போய்ப் பிச்சையெடுத்து, பார்வையற்றோருக்கும் நடக்க முடியாதோருக்கும் ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தான் உண்கிறான். பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தவித்த ஓர் இரவில் சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைத் தருகிறாள். பிறகு இந்திரனே இறங்கிவந்து, என்ன வரம் வேண்டும் என்று கேட்கிறான். ஆபுத்திரன் மறுபடியும் சிரிக்கிறான். பசித்தவன் முகம் மலர்வதைக் காட்டும் இந்தப் பாத்திரம் எனக்குப் போதும், உன் தேவலோகத்தில் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்கிறான். தெய்வம் உண்டு, வரமும் உண்டு, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

இதனால் பௌத்த உலகம் முழுக்க இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. மகாயானத்தில் அவலோகிதரை அழைத்துக் காப்பாற்றும்படி வேண்டுவது உண்டு. கண்டியில் புத்தரின் தந்ததாதுக் கோயிலைச் சூழ்ந்து நாதர், விஷ்ணு, கதிர்காமன், பத்தினி என நான்கு தேவாலயங்கள் நிற்கின்றன. அந்தப் பத்தினி நம் கண்ணகிதான். அதே கண்டியை மையமாகக் கொண்ட சியாம் நிகாயம், கொவிகம சாதியாருக்கு மட்டுமே துறவு தந்தது. மறுக்கப்பட்டவர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்மாவுக்குக் கப்பலேறி, அங்கே துறவு பெற்று வந்து அமரபுர நிகாயத்தைத் தொடங்கினார்கள். படைப்புக் கடவுளை வெளியே அனுப்பிய வீட்டுக்குள் சங்கத்தின் வாசல் வழியாகவே சாதி நுழைந்திருக்கிறது. கடவுள் போனால் சாதி தானாகப் போய்விடும் என்று நம்பும் தோழர்கள் இதையும் யோசிக்கவேண்டும்.

நம் விகாரைகளுக்கு வருவோம். அங்கே வைக்கப்படும் பூவோடு சொல்லப்படும் பாலி வரிகளின் பொருள், இந்தப் பூ வாடுவதுபோல் என் உடலும் வாடும் என்பதுதான். அதில் கோரிக்கை எதுவும் இல்லை. திரிசரணத்திலும் இல்லை. பஞ்சசீலம் நான் கடைப்பிடிக்கப்போவதை நானே சொல்லிக்கொள்வது. வந்தனை முடிந்த பிறகும் கண்மூடி உட்கார்ந்திருக்கும் நம் அம்மாக்கள், மகனுக்கு வேலை கிடைக்கவேண்டும், மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று மனதுக்குள் கேட்கலாம். கேட்கட்டுமே. மாரியம்மனிடம் கேட்டுப் பழகிய வாய் ஒரு தலைமுறையில் மாறாது. அயோத்திதாசப் பண்டிதர் அம்மனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவளைப் பௌத்தப் பெண் துறவியாக வாசித்துக் காட்டினார். அந்தப் பொறுமை அவரைப் படித்தவர்களிடம்கூடக் குறைவாகவே இருக்கிறது. அம்மாக்களைக் கேலி செய்வதில் காட்டும் வேகத்தை, நிச்சயதார்த்தத்துக்கு ஜாதகம் பார்க்கும் நம் நண்பர்களிடம் காட்டலாம்.

என்னைக் கவலைப்படவைப்பது மெழுகுவத்தி இல்லை, மொழிதான். பொருள் தெரியாமல் ஓதப்படும் பாலி, பொருள் தெரியாமல் கேட்ட சமஸ்கிருதத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓதத் தெரிந்தவர் மெல்ல மெல்லப் பூசாரி ஆவார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய பண்டிதர், புத்தரின் வரலாற்றை ‘ஆதிவேதம்’ என்று தமிழில் எழுதினார். தன் 1907ஆம் ஆண்டுப் பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். தம்மம் ஒரு பைசாவுக்குக் கிடைக்கவேண்டும், வாங்கியவனுக்குப் புரியவும் வேண்டும்.

இந்த அக்டோபர் 14 அன்று பாலி வந்தனை முடிந்ததும் அதன் பொருளைத் தமிழில் சொல்லச் சொல்லுவோம். 22 உறுதிமொழிகளையும் மேடையிலிருந்து ஒருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருக்காமல், எல்லோரும் சேர்ந்து தமிழில் வாசிப்போம். பார்ப்பனரை வைத்து எந்தச் சடங்கும் செய்யமாட்டேன் என்ற எட்டாவது உறுதிமொழி வரும்போது, அடுத்த மாதக் கிரகப்பிரவேசத்துக்கு ஐயரிடம் சொல்லிவைத்திருப்பவர்கள் கொஞ்சம் நெளிவார்கள். நெளியட்டும்.