திடலுக்குக் கட்டணமா?

விளையாடுகிறவனே பயன் பெறுகிறான், ஆகவே திடலைப் பராமரிக்கும் செலவை அவனே ஏற்கவேண்டும், விளையாடாதவரின் வரிப்பணத்தை அதற்குச் செலவிடுவது அநியாயம் என்கிறார்கள். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க இயற்றிய தீர்மானம் இவ்வாதத்தின் செயல்வடிவமே.

முதலாவது, கணக்கு. தினம் ஒரு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 3,000 ரூபாய். இரு பிள்ளைகள் ஆடினால் 6,000. தினக்கூலியில் குடும்பம் நடத்தும் தகப்பன் எதைக் குறைத்து இதைக் கொடுப்பான்? அரிசியையா, வாடகையையா?

இரண்டாவது, நியாயம். 1948-இல் பிறந்த பொது நூலகச் சட்டத்தின்படி, வாழ்நாளில் ஒரு புத்தகத்தையும் விரிக்காத வீட்டுக்காரரும் சொத்துவரியோடு நூலக வரி செலுத்துகிறார். அறிவுக்குப் பொருந்தும் நியாயம் தேகத்துக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

மூன்றாவதே பிரதானம். கட்டணம் கொடுக்க வல்லவனுக்குத் தனியார் திடல்கள் நகரெங்கும் இருக்க, வியாசர்பாடியில் ஒற்றை அறை வீட்டில் வளர்ந்து, ஓடுவதற்குத் தெருவும் போதாமல், மாலைதோறும் பந்தோடு வந்து நிற்கும் சிறுவனுக்கு இருப்பது இந்தப் பொதுத்திடல் ஒன்றே. அதன் வாயிலில் சீட்டுக் கேட்டால், எவனுக்காக அது அமைந்ததோ அவனே முதலில் வெளியேற்றப்படுவான்.

பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது மெய். நிறுவனங்கள் நடத்தும் போட்டிகளுக்கு வாடகை வாங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. எஞ்சியது மாநகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறவேண்டும்.

எதிர்ப்பு எழுந்ததும் அத்தீர்மானம் கைவிடப்பட்டது. அது மீண்டும் வேறு பெயரில் வந்தால், உங்கள் வட்ட உறுப்பினரிடம் சென்று கேளுங்கள்.