நூலின் திசையில் உயிர்பெறும் முள்ளெலி

பியாட்ரிக்ஸ் பாட்டர் 1905இல் வெளியிட்ட கதையில் சலவைக்காரியாக வந்த முள்ளெலி, இங்கிலாந்தின் வீடுகளில் இன்று எம்பிராய்டரி இயந்திரம் தைத்த சிறு உருவமாக, குழந்தைக்குப் பரிசளிக்கும் துவாலையின் ஓரத்திலும் இடம்பெறுகிறது. வடிவம் கணினிக் கோப்பாகக் கிடைப்பதால் அதில் கைத்திறன் இல்லை என்று கருதுவது பிழையாகும். ஏனெனில், படத்தைத் தையல் கட்டளைகளாக மாற்றும் ‘டிஜிட்டைசிங்’ என்னும் பணியில், ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எத்திசையில் படிய வேண்டும் என்பவற்றை வடிவமைப்பாளரே தீர்மானிக்கிறார். இழைகள் நெருக்கமாக அருகருகே படியும் ‘சாட்டின்’ தையல், தான் படிந்த திசைக்கேற்ப ஒளியைத் திருப்புவதால், ஒரே பழுப்பு நூலைக்கொண்டு முகத்தின் மென்மையையும் முதுகின் முட்களையும் வேறுபடுத்திக் காட்ட முடிகிறது. 1828இல் பிரான்சின் முல்ஹவுஸ் நகரில் ஜோசுவே ஹைல்மன் உருவாக்கிய முதல் எம்பிராய்டரி இயந்திரமும், வரைபடத்தின் கோடுகளை ஒருவர் ‘பாண்டோகிராஃப்’ என்னும் படியெடுக்கும் சட்டத்தால் பின்தொடர்ந்ததால்தான் இயங்கியது. ஆகவே, பொருத்தமான நூலைத் தேர்ந்து, துணியை வளையத்தில் சுருக்கமின்றிப் பொருத்தி, பின்புறத்து முடிச்சுகள் குழந்தையின் தோலை உறுத்தாதபடி மெல்லிய துணியால் மூடிக் கொடுப்பவரின் பரிசு, எல்லா வகையிலும் கைவினையே ஆகும்.