ஒளியியலை எந்தத் துறையில் கற்பிப்பது?

சர்க்கரை நோயாளிகளுக்குக் கண் மருத்துவமனையில் ஓசிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். முகவாயைத் தாங்கியில் வைத்து, எதிரே தெரியும் புள்ளியைச் சில நொடிகள் பார்த்தால் போதும். ஊசி இல்லை, கருவி கண்ணைத் தொடுவதும் இல்லை. விழித்திரை அடுக்கடுக்காகத் திரையில் விரிகிறது. எந்த அடுக்கில் நீர் கோத்திருக்கிறது என்பதை மருத்துவர் மைக்ரான் கணக்கில் அளந்துவிடுகிறார்.

இந்தக் கருவியை உருவாக்கியவர்கள் யார்? 1991இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் டேவிட் ஹுவாங், ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து நடத்தும் படிப்பில் மருத்துவத்தையும் முனைவர் பட்டத்தையும் ஒருசேரப் பயின்ற மாணவர். வழிகாட்டிய ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ மின்பொறியியல் பேராசிரியர். ஒளியிழை நுட்பத்தைக் கொண்டுவந்த எரிக் ஸ்வான்சன், செயற்கைக்கோள்களுக்கு இடையிலான ஒளித்தொடர்பில் பணியாற்றியவர். விழித்திரையின் ஓர் அடுக்கிலிருந்து திரும்பும் ஒளிக்கும் அடுத்த அடுக்கிலிருந்து வரும் ஒளிக்கும் உள்ள இடைவெளி, நொடியை லட்சம் கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு துண்டைவிடச் சிறியது. அதை நேரடியாக அளக்கும் மின்னணுக் கருவி கிடையாது. திரும்பிவரும் ஒளியை இன்னொரு கற்றையோடு குறுக்கிட வைத்து அளந்தார்கள். குறுக்கீடு இயற்பியல் மாணவருக்குப் பழைய பாடம்தான்; அதைக் கண் மருத்துவரின் கேள்விக்குப் பொருத்திப் பார்க்கத்தான் மூவரும் சேர வேண்டியிருந்தது. மூவருக்கும் 2023இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஒளியியலுக்கென்று தனி இடம் வேண்டும் என்பதை ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம் 1929லேயே உணர்ந்தது. கோடாக், பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனங்களின் துணையோடு அங்கு எழுந்த ஒளியியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்தான் 2018இல் நோபல் பரிசு வென்ற டோனா ஸ்ட்ரிக்லண்ட்.

இந்தியாவிலும் முன்மாதிரிகள் உண்டு. ஐஐடி டெல்லியில் ஒளிமின்னணுவியல் எம்.டெக். படிப்பை இயற்பியல் துறையும் மின்பொறியியல் துறையும் சேர்ந்தே நடத்துகின்றன. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1995 முதல் போட்டானிக்ஸுக்கென்றே தனிப் பள்ளி இயங்குகிறது.

இப்படிப்பட்ட படிப்புகள் பெருக வேண்டும். ஆனால், இரண்டு துறைகளிடம் இருக்கும் தாள்களைச் சேர்த்துக் கட்டிப் புதுப்பெயர் சூட்டுவதால் பயனில்லை. இயற்பியல் படித்து வந்தவர் முதல் பருவத்திலேயே ஒளியிழையைச் சீவி, இணைத்து, இழப்பை அளக்கப் பழக வேண்டும். பொறியியல் படித்து வந்தவர் மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து தொடங்க வேண்டும். ஆய்வேட்டுக்கு இரு வழிகாட்டிகள் தேவை. அவர்களில் ஒருவர் மருத்துவமனையிலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ வரலாம். அப்படி நெறிப்படுத்தும் பேராசிரியரின் உழைப்பு எந்தத் துறையின் கணக்கில் சேரும், அவருடைய பதவி உயர்வில் அதற்கு என்ன மதிப்பு என்பதைப் பாடத்திட்டம் எழுதும் முன்பே பல்கலைக்கழகங்கள் தீர்த்துவைக்க வேண்டும்.