எந்தப் பக்கம் திரும்பினால் என்ன?



போன வாரம் நான் போட்ட ஸ்காட்லாந்து நடனப் படத்தைப் பார்த்துவிட்டு அக்கா மகன் போனில் கேட்டான்: "டான்ஸ்தானே மாமா, எந்தப் பக்கம் சுத்தினா என்ன?" இந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எடின்பரோவில் மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து, வாரம் ஒரு மாலை ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் வகுப்புக்குப் போகிறேன். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர்வரிசை. பெரும்பாலும் நான்கு ஜோடி, 8 பேர். ஒருவர் மாறித் திரும்பினால் அடுத்தவர் மேல் முட்டுவார். 1923-இல் கிளாஸ்கோவில் இதற்கென்று ஒரு சங்கமே தொடங்கி ஒழுங்குபடுத்தினார்கள். அப்படியிருக்க, "என்ன ஆகிவிடும்" என்று எப்படிச் சொல்வது?

ஆனால் இன்னொரு கூட்டம் இருக்கிறது. புதியவர் தடுமாறினால் "லெஃப்ட், லெஃப்ட்!" என்று கத்திவிட்டுச் சிரிக்கும் கூட்டம். எனக்கு அவர்கள் மேல்தான் அதிகக் கோபம். ஏனென்றால் இடம், வலம் என்ற சொல் மட்டும் இங்கே போதாது. கைகோத்து வட்டமாகச் சுற்றும்போது முதலில் இடப்பக்கம் போக வேண்டும். நால்வர் நடுவில் வலக்கை கோத்துச் சக்கரமாகவும் சுற்றுவோம். ஒன்று இடம், இன்னொன்று வலம். ஆனால் மேலிருந்து பார்த்தால் இரண்டுமே வலஞ்சுழி! வட்டத்தில் நம் முகம் நடுவைப் பார்க்கிறது. சக்கரத்தில், கோயிலை வலம் வருவதுபோல, வலத்தோள் நடுப்பக்கம் இருக்கிறது. இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். ஓர் ஆட்டத்தில் கடைசியாக ஒருவருக்கு இடக்கை கொடுத்து, அவரைக் கடந்து என் இடத்துக்கு வருகிறேன். வலப்பக்கம் கால் சுற்று திரும்பினால் போதும், முகம் உள்ளே பார்க்கும். ஆனால் இடப்பக்கம் முக்கால் சுற்று திரும்பச் சொல்கிறார்கள். வீண் வேலை என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. இடக்கை பிடித்த வேகம் உடம்பை ஏற்கெனவே இடப்பக்கம்தான் இழுக்கிறது. அதோடு, குறுக்கு வழியில் திரும்பினால் இப்போதுதான் கைகொடுத்தவருக்கு முதுகு காட்டுகிறோம். அதனால் அதற்குப் பெயரே 'பொலைட் டர்ன்', மரியாதைத் திருப்பம்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு பையன் நினைவுக்கு வந்தான். சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகை. ஏழாம் வகுப்பு. மூன்று முறை மாறித் திரும்பினான். "சோத்துக் கை எதுன்னுகூடத் தெரியாதாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். வரிசையே சிரித்தது. அவன் இடக்கையால் எழுதுகிறவன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். மறுநாள் அவன் அணிவகுப்புக்கு வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

திசை முக்கியம்தான். முக்கியம் என்பதால்தான் அதன் காரணத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "எந்தப் பக்கமானால் என்ன" என்கிறவனும், தெரியாதவனைப் பார்த்துச் சிரிக்கிறவனும் காரணத்தைத் தேடாதவர்கள். உங்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். தப்பாகத் திரும்பும் பிள்ளையின் பக்கத்தில் போய், அவன் நிற்கும் பக்கமே நின்று, ஒருமுறை சேர்ந்து திரும்பிக் காட்டுங்கள்.

தம்பி, இதை நீ படித்தால், அன்று நான் பேசியது தப்பு. மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்