ஏழு ரூபாய் தண்ணியும் நூறு ரூபாய் தண்ணியும்

பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம்ம ஆட்களிடம் தண்ணீர் பற்றிப் பேச்செடுத்தால் போதும், காவிரி, கர்நாடகா, தமிழ்நாடு என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கோ அதைவிடப் பக்கத்தில் ஒரு கணக்கு உறுத்துகிறது.

2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது மாவட்ட நிர்வாகம் டேங்கர் லாரிக்கு விலை வைத்தது. 5 கிலோமீட்டருக்குள் 6000 லிட்டர் 600 ரூபாய். அதாவது ஆயிரம் லிட்டர் 100 ரூபாய். அதே சமயம் குழாய் இணைப்பு உள்ள வீட்டுக்கு முதல் 8000 லிட்டர் வரை, ஆயிரத்துக்கு 7 ரூபாய்தான். ஒரே ஊர், 14 மடங்கு வித்தியாசம்!

குழாய் யாருக்கு? பெரும்பாலும் பழைய ஊருக்குள் இருப்பவர்களுக்கு. 2007இல் மாநகராட்சியில் சேர்த்த 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் துவங்கியது 2024 அக்டோபரில். 17 வருஷம்! நம்மை மாதிரி ஐ.டி. ஆசாமிகள் டேங்கர் செலவை மெயின்டனன்ஸோடு கட்டிவிட்டு மறந்துவிடுவோம். அதே தெருவில் ஒற்றை அறையில் குடியிருக்கும் செக்யூரிட்டிக்கு அது சாப்பாட்டுக் காசு.

சரி, கவுன்சிலரிடம் கேட்கலாமா? மாநகராட்சித் தேர்தல் நடந்தது 2015இல். 2020 செப்டம்பரில் பதவிக்காலம் முடிந்தது. தட்டுப்பாடு வந்தபோது வார்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்துக்குக் குழாய் கடைசியில்தான் வரும்.

நாமோ ஓட்டை ஊரிலேயே வைத்துக்கொண்டு தேர்தலுக்குத் தேர்தல் பஸ் ஏறுகிறோம். வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்கவேண்டும் என்பது சட்டமும்கூட. மக்களே, பெயரை இங்கே மாற்றுங்கள். ஊர்ப்பாசம் எங்கேயும் போகாது :-) தண்ணி குடிப்பது இங்கேதானே?