வாசலில் "ஆட்கள் தேவை". வீட்டில் வேலையில்லாப் பிள்ளை!

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் இருக்கும் தெருக்களில் ஒரு முறை நடந்து பாருங்கள். வாசலுக்கு வாசல் போர்டு தொங்கும். "டைலர்கள் தேவை", "செக்கிங், பேக்கிங் ஆட்கள் தேவை", "கைமடி உடனே தேவை" என்று எழுதியிருக்கும்.

அதே மாவட்டத்தில்தான், படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமிழ்நாடு முழுவதும் வேலை வாய்ப்பு அலுவலகங்களில் பெயரைப் பதிந்து வைத்திருந்தவர்கள், 2023-ஆம் ஆண்டில் 60 லட்சத்துக்கும் அதிகம்.

"வேலை இருக்கிறது, ஆள் கிடைக்கவில்லை" என்கிறார் முதலாளி. "ஆள் இருக்கிறான், வேலை கிடைக்கவில்லை" என்கிறார் தகப்பனார்.

இதில் யார் சொல்வது பொய்?

இருவர் சொல்வதும் மெய்தான். கணக்குதான் வெவ்வேறு.

பதிவுக் கணக்கு

வேலை வாய்ப்பு அலுவலகத்தில் பெயர் இருப்பவர்கள் எல்லோரும் சும்மா இருப்பவர்கள் அல்ல. கடையிலோ, கம்பெனியிலோ வேலைக்குச் சேர்ந்த பிறகும், "என்றாவது ஒரு நாள் சர்க்கார் உத்தியோகம் வரும்" என்று பலர் பதிவை விடுவதில்லை. 3 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள்.

மறுபுறம், வேலையில்லாதவர் எல்லோரும் அங்கே பதிவதும் இல்லை. வேலை தேடும் கிராமத்துத் தாய்மார்கள் எத்தனையோ பேர் அந்த வாசலையே மிதித்ததில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயில் ஏறித் திருப்பூருக்கு வருகிறவர்களும் அப்படித்தான்.

ஆகவே அந்த 60 லட்சத்தை அப்படியே வேலையில்லாதோர் கணக்கு என்று சொல்ல முடியாது.

ஒரு மணி நேரக் கணக்கு

மத்திய சர்க்கார் வீடு வீடாகச் சென்று எடுக்கும் கணக்கு வேறு. அந்தக் கணக்கின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் வேலை செய்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்துப் பார்த்தால், வேலையில்லாதோர் 2017-18-ல் நூற்றுக்கு 6 பேர். 2023-24-ல் அது நூற்றுக்கு 3 பேர் என்ற அளவுக்குக் குறைந்தது.

நல்ல செய்திதான். ஆனால், "வேலையில் இருப்பவர்" என்று யாரைச் சொல்கிறார்கள்?

கூலி வாங்காமல் அப்பாவின் பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கும் பையனும் வேலையில் இருப்பவன்தான். இந்தக் கணக்கில் வார நிலவரம் என்று ஒன்றும் எடுக்கிறார்கள். அதில், வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையில் இருப்பவர்தான்.

கணக்குப் பிள்ளைகள் தவறு செய்யவில்லை. விதி அப்படி. ஆனால் ஒரு மணி நேர வேலையில் ஒரு குடும்பத்துக்கு உலை கொதிக்குமா?

போர்டுக் கணக்கு

வாசல் போர்டில் எத்தனை பேர் தேவை என்று இருக்காது. சம்பளம் எவ்வளவு என்றும் இருக்காது. ஒரு ஷிப்டா, ஒன்றரை ஷிப்டா என்பது உள்ளே போனால்தான் தெரியும்.

ஒருவர் வேலைக்கு வருகிறார். கட்டுப்படியாகவில்லை என்று நின்றுவிடுகிறார். போர்டு மறுபடி ஏறுகிறது. வேறொருவர் வருகிறார்; அவரும் நின்றுவிடுகிறார். இருப்பது ஒரே இடம். பார்ப்பவருக்கோ நாலு இடம் காலி போலத் தோன்றுகிறது.

இன்னொன்று. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. வெளிநாட்டு ஆர்டர் வந்தால் போர்டு ஏறும். ஆர்டர் நின்றால் போர்டு இறங்கும். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, ஊரே கலங்கியது. போன மாதம் "உடனே தேவை" என்ற வேலை, அடுத்த மாதம் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

சட்டம் சொன்னது என்ன?

1959-ல் ஒரு சட்டம் வந்தது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் தங்கள் காலியிடங்களை வேலை வாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. என்ன வேலை, எத்தனை இடம், என்ன சம்பளம் என்று விவரமாக எழுதித் தர வேண்டும்.

சொல்லாவிட்டால்? முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம். அறுபது ஆண்டுக்கு மேலாக அதே 500 ரூபாய்தான் இருந்தது! யார் பயப்பட்டிருப்பார்கள்?

அந்தச் சட்டம் 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. காலியிடத்தைத் தெரிவிக்கும் கடமை அதிலும் இருக்கிறது. சட்டம் பெயர் மாறினால் போதாது. பழக்கமும் மாற வேண்டும்.

நாம் கேட்பது

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் தொங்கும் போர்டில் நாலே வரி கூடுதலாக எழுதட்டும். எத்தனை பேர் தேவை? சம்பளம் எவ்வளவு? எத்தனை மணி நேரம்? பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டா?

சர்க்காரும் இந்த விவரங்களை ஊர்வாரியாகத் திரட்டி, மாதந்தோறும் வெளியிடட்டும். "லட்சம் பேருக்கு வேலை" என்ற பேச்சைவிட, "இந்த ஊரில், இந்த வேலைக்கு, இந்தச் சம்பளத்தில், இத்தனை இடம்" என்ற ஒரு வரி ஏழைக்கு உதவும்.

முதலாளிகளுக்கும் இதில் லாபமே. உள்ளதைச் சொல்லிச் சேர்த்த தொழிலாளி, பாதியில் நிற்கமாட்டார்.

பெற்றோர்களே! பிள்ளையை வேலைக்கு அனுப்பும் முன் அந்த நாலு கேள்வியையும் நீங்களே கேளுங்கள். பதிலை ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். பெண் பார்க்கப் போனால் ஆயிரம் விசாரிக்கிறோம். பிள்ளை பாதி நாளைக் கழிக்கப்போகும் இடத்தை விசாரிப்பதில் வெட்கம் என்ன?