பயிரை மாற்றச் சொல்பவர்களே, விலையைச் சொல்லுங்கள்!

பருவநிலை மாறிவிட்டதாம், விவசாயியும் மாற வேண்டுமாம். அமைச்சர் முதல் அதிகாரி வரை மேடைதோறும் இந்த உபதேசம்தான். சரி, மாறிய விவசாயிக்கு என்ன கிடைத்தது? அதை மட்டும் எவரும் பேசுவதில்லை.

காவிரி டெல்டாவைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழையில் சம்பா இளம்பயிர் நாட்கணக்கில் மூழ்கி அழுகுகிறது. இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல், இளம்பயிராக 2 வாரம் வரை தண்ணீருக்குள் கிடந்தாலும், வடிந்தபின் துளிர்க்கும். பழைய பொன்மணி நெல்லோடு, ஒடிசாவின் நாட்டு ரகம் ஒன்றின் தாங்கும் குணத்தைச் சேர்த்து உருவாக்கிய ரகம் அது. வேளாண் விரிவாக்க மையங்களில் அரசே விதை தருகிறது.

ஆனால் அது மோட்டா ரகமாயிற்றே! 2024-25 பருவத்தில் தமிழக அரசு சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய் கொடுத்தது. பொது ரகத்துக்கு 2,405. மழையைத் தாங்கும் நெல்லைப் போடு என்று சொல்கிற அதே அரசு, போட்டவனுக்கு 45 ரூபாயைக் குறைக்கிறது. இது என்ன நியாயம்?

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். 2016ல் வந்த பிரதமர் காப்பீட்டுத் திட்டம் நெல்லின் மகசூல் இழப்பைக் கணக்கிடுவது ஊர்ச் சராசரியை வைத்து. மேட்டு வயல்கள் தப்பித்தால், பள்ளத்து வயல்காரரின் அழிவு அந்தக் கணக்கிலேயே மறைந்து போகும். வாய்மொழிக் குத்தகைக்காரர் அடங்கலுக்கு அலைந்தே ஓய்ந்து போவார்.

அரசை மட்டும் சாடிவிட்டு நாம் நழுவ முடியாது சகோதரர்களே! நெல் மண்டியும் அரிசி ஆலையும் வைத்திருப்பவர்களில் நம்மவர்கள் இல்லையா? "மோட்டாவா? ஓரமாகப் போடு" என்று மூட்டையைக் குத்திப் பார்த்து விலையை இறக்குவது யார்? அதே பொன்மணி, இட்லி அரிசி என்று பையில் ஏறியதும் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாதா?

சப் 1 எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. 2021 ஜனவரியில், அறுவடைக்கு நின்ற கதிரைச் சாய்த்த மழைக்கு அது பதிலாகாது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திருப்பி அனுப்பும் கொள்முதல் நிலையத்தில், உலர்த்தும் இயந்திரம் வேண்டாமா? களத்தில் தார்ப்பாய் போட்டுக் காத்திருப்பவன் எதைக் கொண்டு உலர்த்துவான்?

வெள்ளம் தாங்கும் நெல்லுக்குச் சன்ன ரக விலையைக் கொடு! நிலையந்தோறும் உலர்த்தும் இயந்திரம் வை! இதை அரசிடம் கேட்போம். அதற்கு முன், வரும் தையில் மூட்டைகள் இறங்கும்போது அந்த 45 ரூபாயை நம் மண்டியில் நாமே கூட்டிக் கொடுப்போம்.